தூத்துக்குடிக்குத் தண்ணீர் கொண்டுவந்தவர்

கடலுக்குள் முத்து கிடைக்கும். கரையிலோ குடிக்க நல்ல தண்ணீர் கிடைக்காது! ஒரு காலத்தில் தூத்துக்குடியின் நிலைமை இதுதான். கிணறு தோண்டினால் உப்புக் கரிக்கும். வறட்சிக் காலத்தில் ரெயிலில் தண்ணீர் வரவேண்டியிருந்தது.

அந்த ஊரில் 1869-ம் ஆண்டு பிறந்தவர் குரூஸ் பர்னாந்து. முத்துக் குளித்த பரதவர் சமூகத்தைச் சேர்ந்தவர். 1909-ல் நகரசபைத் தலைவர் ஆனார். ஐந்து முறை அந்தப் பதவியில் இருந்தார். ராவ்பகதூர் பட்டமும் பெற்றார். ஆனால் ஊர் அவரை நினைப்பது பட்டத்துக்காக அல்ல.

சுமார் 24 கிலோமீட்டர் தூரத்தில் வல்லநாடு. அங்கே தாமிரபரணி ஓடுகிறது. அந்த ஆற்று நீரைக் குழாய் வழியாக ஊருக்குக் கொண்டுவர அவர் பாடுபட்டார்.

சாதாரண வேலையா அது? மண்ணுக்குள் புதைக்கும் குழாய் நல்லதா, மட்டமா என்று கண்ணுக்குத் தெரியாது. செலவாவதோ பொதுப்பணம். இன்று இதுபோன்ற வேலைக்கு டெண்டர் கேட்கிறார்கள். முத்துக்கரை மக்களுக்கு இது எளிதில் புரியும். முன்பு அரசாங்கம் முத்துச் சிப்பியை ஏலம் விட்டது. அதிக விலை கேட்டவருக்குச் சிப்பி. டெண்டர் அதற்குத் தலைகீழ்! தகுதி உள்ளவர்களில் குறைந்த விலை சொன்னவருக்கே வேலை. வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்க்கக்கூடாது. இதற்கென்றே தமிழ்நாட்டில் 1998-ல் தனிச் சட்டம் வந்தது.

அந்தச் சட்டம் வருவதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே, 1927-ல், வல்லநாட்டுத் தண்ணீர் தூத்துக்குடிக்கு வந்துவிட்டது. ஊரே குளிர்ந்தது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1930-ல், குரூஸ் பர்னாந்து காலமானார். தூத்துக்குடியில் அவருக்குச் சிலை இருக்கிறது.