சேமக்கலத்தோடு போராடிய எடிசன்

மடிக்கணினியை மின்னேற்றியில் மாட்டிவிட்டுப் போகிறோம். இரண்டு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் அளவு ஏறாமல் அப்படியே நிற்கிறது. உடனே என்ன செய்கிறோம்? சுவரிலுள்ள பிளக்கை அசைக்கிறோம்; வேறு பாயிண்டில் செருகுகிறோம்; தம்பியின் சார்ஜரை இரவல் வாங்கிப் பார்க்கிறோம். மின்சாரம் உள்ளே போகவில்லையா, அல்லது போயும் தங்கவில்லையா? இந்தக் கேள்வியோடு பத்தாண்டுகள் மல்லாடினார் ஒருவர். மின்விளக்கு என்றதும் நம் நினைவுக்கு வரும் தாமஸ் ஆல்வா எடிசனே அவர்.

அமெரிக்க நாட்டின் ஒஹையோ மாநிலத்தில் மிலான் என்னும் சிற்றூரில் 1847-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ஆம் நாள் எடிசன் பிறந்தார். பெற்றோருக்கு அவர் ஏழாவது குழந்தை, கடைக்குட்டி. பள்ளியில் ஆசிரியர் அவரை மந்த புத்தியுள்ளவர் என்று கருதிவிட்டார். இதனால் மனம் நொந்த தாய் நான்சி, மகனை வீட்டிலேயே வைத்துத் தாமே கற்பித்தார். இந்த அன்னைக்கு உலகம் பட்டிருக்கும் கடன் பெரிது.

பன்னிரண்டு வயதில் ரயில் வண்டியில் செய்தித்தாளும் மிட்டாயும் விற்றார் எடிசன். காது மந்தமாயிற்று. பிறகு தந்தி இயக்குபவராக ஊர் ஊராகச் சுற்றினார். அந்நாளில் தந்தி ஓடியதே பாட்டரிகளால்தான். ஆகவே கண்ணாடி ஜாடியும் அமிலமும் அவருக்கு இளமையிலேயே பழக்கம். 1867-இல் லூயிவில் நகரில் ஓர் இரவு வேலையின்போது காரீயச் சேமக்கலத்தில் ஏதோ சோதனை செய்தார். கந்தக அமிலம் கொட்டிற்று; தரைப்பலகையின் இடுக்கு வழியே இறங்கிக் கீழ்த்தளத்திலிருந்த மேலதிகாரியின் மேசையை நனைத்தது. மறுநாள் காலை வேலை போயிற்று!

1877-இல் ஒலிப்பதிவுக் கருவி, 1879-இல் மின்விளக்கு, 1882-இல் நியூயார்க்கில் மின்நிலையம் ஆகியவற்றைப் பாடநூல்களில் படித்திருக்கிறோம். அவற்றை விட்டு 1899-க்கு வருவோம். அப்போது எடிசனுக்கு வயது ஐம்பத்திரண்டு. இரும்புத் தாதுவைப் பிரித்தெடுக்கும் தொழிலில் பெரும் பணத்தை இழந்திருந்த நேரம். வேறு யாராயினும் ஓய்ந்திருப்பார்கள்.

அமெரிக்க நகரங்களில் அக்காலத்தில் மின்சாரக் கார்கள் நிறைய ஓடின. அவற்றிலிருந்த காரீயச் சேமக்கலமோ கனமானது, அதன் அமிலம் தகடுகளை அரித்தது, ஆயுளும் குறைவு. அமிலத்துக்குப் பதில் காரக் கரைசலை வைத்தால் என்ன என்று எண்ணினார் எடிசன். பல பொருள்களைச் சோதித்து, நிக்கலையும் இரும்பையும் தேர்ந்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் அமைத்தார். அதே காலத்தில் சுவீடன் நாட்டு வால்டமார் யுங்னர் என்பவரும் தனியே இதே வழியில் சென்று வெற்றி கண்டிருந்தார். காப்புரிமை பற்றி இருவருக்கும் வழக்கும் எழுந்தது. எடிசனைப் புகழும் நூல்கள் பல யுங்னரை மறந்துவிடுவது நியாயமன்று.

எடிசனின் கலம் விற்பனைக்கு வந்தது, பத்திரிகைகள் பாராட்டின. ஆனால் 1904-ஆம் ஆண்டளவில் குறைகள் தலைகாட்டின. சில கலங்களில் பற்றவைத்த இடம் வழியே கரைசல் கசிந்தது. அதைவிடப் பெரிய தொல்லை ஒன்றும் இருந்தது. எத்தனை நேரம் மின்னேற்றினாலும் சில கலங்கள் பழைய அளவு மின்சாரத்தைத் தாங்கவில்லை. வெளியிலிருந்து வரும் மின்சாரத்தில் குறையில்லை; கம்பியிலும் குறையில்லை. கோளாறு கலத்தின் வயிற்றுக்குள்ளேயே இருந்தது.

வாங்கியவர்களில் பலர் இருப்பதே போதும், இன்னும் கொடுங்கள் என்று கேட்டனராம். எடிசன் இசையவில்லை. தயாரிப்பை நிறுத்தினார், குறைபட்ட கலங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பணமும் நற்பெயரும் ஒருங்கே ஆடிப்போன சமயத்தில் இப்படி ஒரு முடிவெடுப்பது எளிதா?

பிறகு கலங்களைத் திறந்து ஆராய்ந்தார்கள். நிக்கல் பொடி மின்சாரத்தை நன்கு கடத்தாது. அதற்காகவே அதனுடன் கிராஃபைட் கலந்திருந்தார்கள். மின்னேற்றி இறக்க, மீண்டும் ஏற்ற, அந்தப் பொடி உப்புவதும் சுருங்குவதுமாக இருந்தது. நாளடைவில் பொடிக்கும் கிராஃபைட்டுக்கும் இருந்த தொடர்பு விட்டுப்போயிற்று. தொடர்பு விட்ட பொடிக்கு மின்சாரம் எப்படிப் போய்ச் சேரும்?

நோய் தெரிந்தும் மருந்து கிடைக்க ஐந்தாண்டுகள் ஆயின. ஆயிரமாயிரம் சோதனைகள் நடந்தன. ஒருநாள் நெடுநாள் கூட்டாளி ஒருவர், இத்தனை பாடுபட்டும் பலனில்லையே என்று வருந்தினார். பலன் இல்லாமலென்ன, பயன்படாத வழிகள் பல ஆயிரம் தெரிந்துவிட்டனவே என்று எடிசன் சிரித்தாராம். இதை மின்விளக்குக் கதையாகவே நம்மில் பலர் கேட்டிருப்போம். உண்மையில் இது சேமக்கலத்தின் கதை.

கிராஃபைட்டை நீக்கி, மிக மெல்லிய நிக்கல் செதில்களைச் சேர்த்ததே இறுதியில் கிடைத்த வழி. அந்தச் செதிலைச் செய்த விதம் நம் வீட்டு வீச்சுப் பரோட்டாவை நினைவூட்டும். செம்பும் நிக்கலும் மாறி மாறி மின்முலாமாகப் படியும். பின்பு செம்பை மட்டும் கரைத்துவிட்டால் நிக்கல் இழை இழையாய்ப் பிரிந்து நிற்கும். துளையிட்ட எஃகுக் குழல்களில் பொடியையும் செதிலையும் அடுக்கடுக்காய்த் திணித்தார்கள். காரக் கரைசலில் சிறிது லித்தியம் ஹைட்ராக்சைடும் சேர்ந்தது. இன்றைய மடிக்கணினிக் கலத்தில் லித்தியம் செய்யும் வேலை முற்றிலும் வேறு என்றாலும், அந்தப் பெயரை இங்கே சந்திப்பது இனிய வியப்பு! செய்த கலங்களை ஆய்வுக்கூடத்தின் மாடி சன்னலிலிருந்து கீழே போட்டும் சோதித்தார்கள். 1909-இல் புதிய கலம் வெளிவந்தது.

ஆனால் காலம் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. 1908-இலேயே ஃபோர்டின் மாடல் டி கார் வந்துவிட்டது. பெட்ரோல் வண்டிகள் சாலைகளைப் பிடித்துக்கொண்டன. குளிரில் எடிசன் கலம் சோர்ந்துபோகும். எஞ்சினைக் கிளப்பத் தேவையான பெருமின்சாரத்தை ஒரே மூச்சில் தராது. காருக்கென்று பிறந்த பிள்ளை ரயில்வே சைகை விளக்குக்கும், சுரங்கத் தொழிலாளியின் தலைவிளக்குக்கும், சரக்கு வண்டிக்கும் போய்ச் சேர்ந்தது. அங்கே அது நன்றாகவே உழைத்தது. எடிசனுக்கு நல்ல வருவாயும் தந்தது.

துயரமும் ஒன்று உண்டு. 1916 ஜனவரியில் புரூக்ளின் கடற்படைத் தளத்தில், எடிசன் கலங்கள் பொருத்திய ஈ-2 என்ற நீர்மூழ்கிக் கப்பலில் ஹைட்ரஜன் வாயு சேர்ந்து வெடித்தது; உயிர்கள் பலியாயின. அக்கலம் தன் இயல்பிலேயே அந்த வாயுவை வெளிவிடும். அதைப் போக்கக் காற்றோட்டம் போதவில்லை என்பது ஒரு தரப்பு. கலமே கப்பலுக்கு ஏற்றதன்று என்பது மறுதரப்பு. கடற்படையில் தம் கலத்துக்குப் பெரிய இடம் கிடைக்கும் என்றிருந்த எடிசனின் நம்பிக்கை அத்தோடு தளர்ந்தது.

1931 அக்டோபர் 18 அன்று, நியூ ஜெர்சியின் வெஸ்ட் ஆரஞ்சிலிருந்த தம் இல்லத்தில் எண்பத்து நான்காம் வயதில் எடிசன் காலமானார். அவருடைய நிக்கல்-இரும்புக் கலம் அதற்குப் பின்னும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அமெரிக்கத் தொழிற்சாலையில் தயாராகிக்கொண்டிருந்து, 1975-இல் நின்றது.