ஐந்தாம் படியில் நின்ற அம்பு

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி எய்த ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் துளைத்ததாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியுள்ளார். அம்மலையை அடுத்துள்ள நாமக்கல்லில் கோயில் கொண்ட நாமகிரித் தாயாரைக் குலதெய்வமாகப் போற்றிய குடும்பத்தில் 22-12-1887 அன்று ஈரோட்டில் பிறந்தவர் கணிதமேதை சீனிவாச இராமானுஜன். இளமையில் அவரும் ஐந்தாவது இலக்கு ஒன்றைக் குறிவைத்தார், அது வீழவில்லை. அதனையே ஈண்டு நாம் கூற விழைகின்றோம்.

இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கும் வாய்பாட்டைப் பள்ளி மாணவர் அனைவரும் அறிவர். 628இல் பிரம்மகுப்தர் இதற்கு விதி வகுத்தார். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி, சதுரம் வரைந்தே இதன் காரணத்தை விளக்கினார். ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அதன் பத்து மடங்கைக் கூட்ட 39 வருமெனில், அவ்வெண் யாது? பத்தில் பாதி 5, அதன் வர்க்கம் 25, 39ஐக் கூட்ட 64, வர்க்கமூலம் 8, 5ஐக் கழிக்க விடை 3. இயற்கணிதத்தை ஐரோப்பியர் குறிக்கும் சொல் அவரது நூற்பெயரில் உள்ள அல்-ஜப்ர் என்பதிலிருந்து பிறந்ததே.

இராமானுஜனின் தந்தையார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடைக் கணக்கர். அவ்வூர் நகர உயர்நிலைப் பள்ளியில் பயின்றபோது, 1902இல் முப்படிச் சமன்பாட்டைத் தீர்க்கும் முறை இராமானுஜனுக்குக் காட்டப்பட்டது. நாற்படிக்கு அவரே ஒரு வழி கண்டார். இத்தாலியர் 1545இல் அச்சிட்ட நூலில் இவ்விரண்டுமே இருந்தன. எனினும் பதினைந்து வயதுச் சிறுவன் தானே கண்டது சிறிதன்று. அடுத்து ஐம்படியில் முனைந்தார். கெழுக்களைக் கூட்டியும் கழித்தும், பெருக்கியும் வகுத்தும், மூலம் எடுத்தும் ஐம்படிக்குப் பொதுவாய்பாடு அமைக்க இயலாது என்பதை நார்வே நாட்டு ஆபெல் 1824இலேயே நிறுவிவிட்டார். ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழிந்தும் அச்செய்தி காவிரிக் கரையை எட்டவில்லை. அறிவு குறைந்ததன்று, நூல் வந்து சேரவில்லை.

1903இல் கையில் கிடைத்த நூலும் கார் என்பவர் தேர்வுக்கெனத் தொகுத்ததே. ஏறத்தாழ ஐயாயிரம் முடிவுகள். நிறுவல்களோ மிகச் சுருக்கம். விடுபட்டவற்றைத் தாமே நிறுவிப் பழகினார். விளைவு யாது? கணிதம் ஒன்றிலேயே மூழ்கிப் பிற பாடங்களில் தவறினார். குடந்தை அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும் எஃப்.ஏ. தேர்வில் வெற்றி பெறவில்லை. மதிப்பெண் பட்டியல் எழுதும் நம் போன்ற ஆசிரியர்க்கு இப்பகுதியைப் படிக்கையில் சற்றே நாணம் உண்டாகும்.

1911இல் இந்தியக் கணிதக் கழக இதழில், வர்க்கமூலத்துள் வர்க்கமூலமாக முடிவின்றி நீளும் கோவை ஒன்றின் மதிப்பைக் கேட்டார். விடை வாராமையால் தாமே விடை தந்தார்: 3. மறு ஆண்டு சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார். அந்நிலையிலேயே 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு மடல் எழுதினார். 1914இல் கப்பலேறினார், 1918இல் இராயல் கழகத்தின் உறுப்பினரானார், 1919இல் நோயுடன் திரும்பினார். 26-4-1920 அன்று, தம் 32ஆம் வயதில் சென்னைச் சேத்துப்பட்டில் மறைந்தார். இறுதி மாதங்களிலும் தாள் கேட்டு எழுதிக்கொண்டே இருந்தார்.