பேராசிரியர் மகலனோபிஸ்

கணிப்பொறி நுண்ணறிவு, தரவு அகழ்வு ஆகிய துறைகள் பற்றிய பயிலரங்குகள் இன்று பல கல்லூரிகளில் நடைபெறுகின்றன. அவற்றில் அமரும் மாணவர் விரைவிலேயே கேட்க நேரும் கலைச்சொற்களுள் ஒன்று ‘மகலனோபிஸ் தொலைவு’ என்பதாகும். அப்பெயருக்குரியவர் ஓர் இந்தியர் என்பதையும், இந்நாட்டிற்குக் கணிப்பொறி வருமுன்பே அவர் இக்கருத்தை வகுத்தார் என்பதையும் அறிந்தோர் சிலரே.

பிரசந்த சந்திர மகலனோபிஸ் 1893 ஜூன் 29ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்று 1912இல் பட்டம் பெற்று, மறு ஆண்டு இங்கிலாந்து சென்றார். இலண்டனில் படிக்கவே எண்ணியிருந்தார். ஒருநாள் கேம்பிரிட்ஜைக் காணப் போனவர் கடைசி இரயிலைத் தவறவிட, அங்கேயே தங்கி, கிங்ஸ் கல்லூரியின் எழிலில் மயங்கி அதிலேயே சேர்ந்துவிட்டார். நம் கணிதமேதை இராமானுசனும் அப்போது கேம்பிரிட்ஜில் இருந்தார். குளிரில் வாடிய அவர், கட்டிலில் விரித்திருந்த கம்பளிகளுக்குள் நுழைந்து படுக்கவேண்டும் என்பதை அறியாமல், அவற்றின் மேலேயே மேலங்கியுடன் உறங்கிவந்தார். கம்பளியை விலக்கிப் படுக்கும் முறையைக் காட்டிக் கொடுத்தவர் மகலனோபிஸ்தாம். தமிழர் இவருக்குப் பட்ட சிறுகடன் இது எனலாம்.

1915இல் தாயகம் திரும்பும் வேளையில், கல்லூரி ஆசிரியர் ஒருவர் ‘பயோமெட்ரிகா’ என்னும் புள்ளியியல் ஆய்விதழை அவருக்குக் காட்டினார். அதன் தொகுதிகளை விலைக்கு வாங்கிக் கப்பலிலேயே படிக்கத் தொடங்கினார். கல்கத்தாவில் அவர் கற்பித்தது இயற்பியல். உள்ளம் ஒன்றியதோ புள்ளியியலில்.

விலங்கியல் அறிஞர் அனண்டேல், கல்கத்தாவில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியரின் உடல் அளவுகளைத் திரட்டி இவரிடம் ஒப்படைத்தார். அவ்வாய்விலிருந்து வளர்ந்ததே 1936இல் முழுவடிவம் பெற்ற தொலைவுக் கருத்து. உயரமும் எடையும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. ஆறடி மனிதன் எண்பது கிலோ இருப்பதில் வியப்பில்லை. ஐந்தடிக்கும் குறைந்தவன் அவ்வெடை இருந்தால் அவன் கூட்டத்தினின்று வேறுபட்டவன். தனித்தனியே பார்த்தால் புலப்படாத இவ்வேறுபாட்டை, அளவுகளின் பரவலையும் பிணைப்பையும் கணக்கில் கொண்டு ஒரே எண்ணாகத் தருவது இம்முறை. இலட்சக்கணக்கான பதிவுகளுள் இயல்பு பிறழ்ந்ததைக் கண்டறிய இன்றைய தரவு அகழ்வாளரும் இதனைக் கையாள்கின்றனர்.

ஆயினும் அவர் ஏட்டுக் கணக்கோடு அமைந்தவரல்லர். 1922இல் வடவங்கம் வெள்ளத்தில் மூழ்கியபோது, பெரும் பொருட்செலவில் நீர்த்தேக்கங்கள் அமைக்கப் பொறியாளர் பரிந்துரைத்தனர். ஏறத்தாழ ஐம்பதாண்டு மழைக் கணக்கை ஆராய்ந்த மகலனோபிஸ், அவற்றால் பயன் விளையாது என்றும், நீர் விரைந்து வடிய வழி செய்தலே தேவை என்றும் நிறுவினார்.

1931 டிசம்பர் 17இல் தோன்றிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம் மாநிலக் கல்லூரியின் இயற்பியல் துறையில்தான் இடம் பெற்றிருந்தது. முதலாண்டுச் செலவு 238 ரூபாயே! 1937இல் வங்காளத்துச் சணல் விளைச்சலை மாதிரிக் கணிப்பால் மதிப்பிடத் தொடங்கினார். எல்லா வயலையும் எண்ணாமல் சிலவற்றை மட்டும் அளந்து முழுமையைச் சொல்வதா என ஐயுற்றோர் பலர். 1941இல் மாதிரிக் கணிப்பின் விடை வணிகக் கணக்கிற்கு மிக அண்மையில் நின்றது. ஊர்தோறும் எண்ணிய கணக்கோ பெரிதும் குறைந்து போயிற்று. எண்ணுவோர் பிழையையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஒரே பகுதிக்கு இரு குழுக்களைத் தனித்தனியே அனுப்பி, இரு விடைகளையும் ஒப்பிடும் முறையை வகுத்தார். என் எண்ணத்தில் அவருடைய பணிகளுள் தலையாயது இதுவே. தரவு பொய்யானால் எவ்வளவு நுட்பமான பொறியும் பொய்யையே அகழ்ந்து தரும்.

1943ஆம் ஆண்டுப் பஞ்சத்தின் பின்விளைவுகளையும் இம்முறையாலேயே ஆராய்ந்தார். நிலத்தை விற்றோர், மாட்டை இழந்தோர், பிறரை அண்டிப் பிழைக்க நேர்ந்தோர் எனக் குடும்பங்களின் அழிவு எண்களில் பதிவாயிற்று. நிலமற்ற கூலியாட்களும் மீனவரும் மிகுதியாக நலிந்தமை அதனால் வெளிப்பட்டது.

1945இல் இலண்டன் இராயல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. 1950இல் தேசிய மாதிரிக் கணிப்பு அவர் முயற்சியால் தொடங்கியது. இந்தியாவின் முதல் மின்னணு இலக்கக் கணிப்பொறியை இங்கிலாந்திலிருந்து வரவழைத்து, 1956இல் தம் நிறுவனத்தில் இயங்கச் செய்தார். இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்திற்கு அவர் வகுத்த கணித வடிவம் பெருந்தொழிலுக்கு முதன்மை தந்தது. வேளாண்மை பின்தங்க அது வழிவகுத்தது என்று குறை கூறியோரும் உளர். அக்குறையை முற்றிலும் தள்ளிவிட இயலாது.

1968இல் பத்ம விபூஷண் விருது பெற்ற பேராசிரியர், 1972 ஜூன் 28ஆம் நாள், எழுபத்தொன்பதாம் பிறந்தநாளுக்கு முந்தைய நாளன்று மறைந்தார். இறுதிவரை அவர் நிறுவனப் பணியினின்று ஓய்வு பெறவில்லை.