பேராசிரியர் சேஷாத்திரியார்

போடிநாயக்கனூரைக் கடந்து ஏலமலைச் சரிவுகளில் வேங்கை மரங்கள் வளர்கின்றன. வேங்கையின் வயிரத்தில் கடைந்த குவளையில் இரவெல்லாம் நீரை ஊறவைத்து, விடியலிற் பருகுதல் நீரிழிவுக்கு நம் முன்னோர் கையாண்ட முறை. அந்நீர் வெயிலில் நீலச் சாயல் காட்டும். நீரில் இறங்கிய பொருள் யாது? இத்தகைய வினாக்களுக்கு விடை காண்பதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்ட தமிழர் ஒருவரின் சரிதத்தை நம் மாணாக்கர் அறிதல் நலமென எண்ணுகின்றோம்.

தி. இரா. சேஷாத்திரியார் 1900-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் குளித்தலையில் பிறந்தார். இராமகிருஷ்ண மடத்தாரின் உதவி பெற்றுச் சென்னை மாநிலக் கல்லூரியில் இரசாயனம் கற்றார். 1927-இல் இங்கிலாந்து சென்று, மான்செஸ்டரில் இராபர்ட் இராபின்ஸன் என்னும் பேரறிஞரின்கீழ் ஆராய்ந்து, 1929-இல் டாக்டர் பட்டம் பெற்றார். ஆஸ்திரியாவில் பிரெகல் என்பாரிடமும் பயின்றார். சில மில்லிகிராம் பொருளைக்கொண்டே அதன் கூறுகளை அளந்தறியும் முறையைக் கண்டு, 1923-இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். கூடை நிறையப் பூவை வடித்தாலும் ஒரு சிட்டிகையே கிட்டும் தாவர ஆராய்ச்சிக்கு அம்முறை பெருந்துணையாயிற்று.

1930-இல் தாய்நாடு திரும்பிய சேஷாத்திரியார், கோயம்புத்தூரில் சிலகாலம் பணியாற்றி, 1933-இல் ஆந்திரப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். போர்க்காலத்தில் பல்கலைக்கழகம் குண்டூருக்குப் பெயர்ந்தபோதும் ஆராய்ச்சியைக் கைவிட்டாரில்லை. 1949-இல் தில்லிக்குச் சென்றார். பருத்திப் பூவின் நிறப்பொருள்களும், செஞ்சந்தனம், வேங்கை முதலிய மரங்களின் வயிரமும் அவர்தம் ஆராய்ச்சிக்கு உரியனவாயின. 1960-இல் இலண்டன் இராயல் சங்கத்தின் உறுப்பினரானார். 1963-இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1975 செப்டம்பர் 27-இல் காலமானார்.

இக்காலத்தில் நிறை நிறமாலைமானி என்னும் கருவி இப்பணியை எளிதாக்கியுள்ளது. பொருளின் மூலக்கூறுகளை ஆவியாக்கி, மின்னூட்டி, உடைத்து, துண்டுகளின் நிறையை அது அளந்து காட்டுகின்றது. மில்லிகிராமினும் மிகச் சிறிய அளவே போதும். எனினும் ஒன்றை நோக்குக. வேங்கை வயிரத்தில் டெரோஸ்டில்பீன், லிக்விரிடிஜெனின், ஐசோலிக்விரிடிஜெனின் என மூன்று பொருள்கள் உள. மூன்றின் நிறையும் 256. நுட்பமாய் அளப்பின் முதலாவது 256.11 எனப் பிரிந்து நிற்கும்; ஏனைய இரண்டும் 256.07 ஆகவே இருக்கும். அவ்விரண்டிலும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே, அமைப்பே வேறு. மேலும், கருவியினுள்ளேயே ஒன்று மற்றொன்றாக மாறுதலும் கூடும். ஆகவே, தூயதாய்ப் பிரித்தெடுத்து அமைப்பு நிறுவப்பெற்ற பொருளோடு ஒப்பிட்டாலன்றி இன்னதென்று துணிதல் இயலாது.

கருவி அச்சிட்டுத் தரும் பெயர்ப்பட்டியலையே கண்டுபிடிப்பாகக் கொள்ளும் வழக்கம் இன்று மாணாக்கரிடையே பரவிவருகின்றது. பட்டியலிலுள்ள பெயர் ஒவ்வொன்றன் பின்னும், பூவைக் காய்ச்சி, வடித்து, படிகமாக்கி, எரித்தளந்த ஒருவரின் பல்லாண்டு உழைப்பு உண்டு. அவ்வுழைப்பின் மேல் நின்றே கருவி பேசுகின்றது. மலைச்சரிவின் மூலிகையை ஆராயப் புகும் நம் மாணாக்கர், கருவியின் விடையை முடிவென்று கொள்ளாது, தொடக்கமென்று கொள்வாராக. சேஷாத்திரியாருக்கு நாம் செலுத்தத்தக்க நன்றி அதுவே.