சேலத்துச் சோதனை

மனிதரிடத்து ஒரு மாற்றத்தைச் சோதிக்க விழைவோர்க்கு இரு கடமைகள் உண்டு. விளைவைத் தெளிவாக அறியும் வகையில் சோதனையை வகுத்தல் ஒன்று. சோதனைக்கு உள்ளாவோரின் நலத்தையும் இசைவையும் காத்தல் மற்றொன்று. உளவியல் ஆய்வாளர் போற்றும் இக்கடமைகள் ஆட்சியாளர்க்கும் உரியன என்பதை இராஜாஜியின் வாழ்க்கை காட்டுகிறது.

அன்றைய சேலம் மாவட்டத்தில் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878ஆம் ஆண்டு பிறந்த இராஜாஜி, 1900இல் சேலத்தில் வழக்குரைஞர் தொழிலைத் தொடங்கினார். 1917 முதல் 1919 வரை நகராட்சித் தலைவராக விளங்கினார். 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்து அங்கேயே தங்கினார். ஏழைகளின் கூலி கள்ளுக்கடையில் கரைவதை அருகிருந்து கண்டு, மதுவின் தீமையை ஊர்தோறும் எடுத்துரைத்தார்.

1937இல் சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பை ஏற்றபோது, மதுவிலக்கை அவர் மாகாணம் முழுவதும் ஒருசேரப் புகுத்தவில்லை. அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் மட்டும் தொடங்கினார். இன்றைய நாமக்கல் பகுதியும் அன்று அம்மாவட்டத்தில் அடங்கியிருந்தது. இதனால் மாவட்டத்தின் முந்தைய நிலையோடும், மதுவிலக்கு இல்லாத அண்டை மாவட்டங்களோடும் விளைவை ஒப்பிட இயன்றது. பொருளியல் அறிஞர்கள் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவை ஆராய்ந்தனர்.

எனினும் இச்சோதனையில் ஒரு குறை இருந்தது. மாவட்டம் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்படவில்லை. ஆசிரமத்தின் பரப்புரை முன்பே பரவியிருந்த நிலம் அது. ஆகவே, நன்மை சட்டத்தால் விளைந்ததா, பரப்புரையால் விளைந்ததா எனப் பிரித்தறிதல் அரிதாயிற்று. மேலும், கள்ளிறக்குவோர் பிழைப்பை இழந்தனர். பதநீரிலிருந்து வெல்லம் காய்ச்சும் தொழிலுக்கு அவர்களை மாற்ற அரசு முயன்றது. ஒருவரின் நன்மைக்காகச் செய்யும் சோதனை மற்றொருவரின் அடுப்பை அணைக்கலாகாது என்னும் பொறுப்பு அம்முயற்சியில் வெளிப்பட்டது.

1953இல் முதலமைச்சராக இருந்தபோது அவர் வேறு வழியில் சென்றார். ஊர்ப்புறத் தொடக்கப்பள்ளிகளில் வகுப்பு நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பயிலும் திட்டத்தைப் பரவலாக நடைமுறைப்படுத்தினார். ஒரு மாவட்டத்தில் சோதித்துப் பார்க்கவில்லை; சட்டமன்றத்தின் ஒப்புதலையும் முன்னதாகப் பெறவில்லை. அது குலக்கல்வித் திட்டம் எனக் கடும் எதிர்ப்புக்கு உள்ளாயிற்று. 1954இல் அவர் பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார்.

1972ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இராஜாஜி மறைந்தார். அவர்தம் இரு முயற்சிகளும் நன்னோக்கில் தொடங்கியவையே. ஆயினும், நன்னோக்கு ஒன்றே சோதனையை நேர்மையாக்கிவிடாது. சிறிதாகத் தொடங்குதல், ஒப்பிட்டு அளத்தல், இழப்போரைத் தாங்குதல், உரியவரின் இசைவைப் பெறுதல் ஆகிய நான்கும் அதனோடு சேர வேண்டும்.