புளிப்பின் புதிரை அவிழ்த்தவர்

லூயி பாஸ்டர் என்றதும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் பதப்படுத்திய பாலும்தான் நம் நினைவுக்கு வரும். நுண்ணுயிரியல் பயிலும் மாணவன் என்ற முறையில் என்னைப் பெரிதும் கவர்ந்ததோ அவர் வாழ்வின் வேறொரு பகுதி. புளித்துப்போன சர்க்கரைச் சாறுதான் அதன் தொடக்கம்.

1822ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள், பிரான்சு நாட்டின் டோல் நகரில், தோல் பதனிடும் ஒருவரின் மகனாகப் பாஸ்டர் பிறந்தார். வேதியியல் கற்றுத் தேர்ந்த அவர், 1854இல் லீல் நகரில் அறிவியல் புலத்தின் முதல்வரானார். 1856இல் அவருடைய மாணவர் ஒருவரின் தந்தை உதவி நாடி வந்தார். பீட் கிழங்குச் சாற்றிலிருந்து ஆல்கஹால் எடுக்கும் அவரது ஆலையில், சாறு அடிக்கடி கெட்டுப் புளித்தது. பாஸ்டர் ஆலைக்கே சென்றார். சாற்றை உருப்பெருக்கியில் வைத்து ஆராய்ந்தார்.

நொதித்தல் உயிரற்ற வேதிச் சிதைவே என்று லீபிக் போன்ற பெரும் வேதியியலாளர்கள் கருதிய காலம் அது. 1857இல் லாக்டிக் நொதித்தல் பற்றிய தம் கட்டுரையில், சர்க்கரையைப் புளிக்க வைப்பது உயிருள்ள நுண்ணுயிரே என்று பாஸ்டர் வாதிட்டார். சூழல் அமிலமா, காரமா, நடுநிலையா என்பதைப் பொறுத்தே எந்த உயிர் ஓங்கும் என்பதையும் அதில் சுட்டிக்காட்டினார். என் பார்வையில், அந்தக் கட்டுரையின் உயிர்நாடி இதுதான்.

லாக்டிக் நொதித்தலுக்குச் சுண்ணக்கட்டித் தூள் சேர்ப்பது அன்றைய வழக்கம். ஏன் தெரியுமா? பாக்டீரியா சர்க்கரையை உண்டு லாக்டிக் அமிலத்தை வெளியிடுகிறது. வெளியே அமிலம் பெருகினால், அதன் பிரியாத மூலக்கூறுகள் உயிரணுவுக்குள் மீண்டும் நுழைந்து, அங்கே ஹைட்ரஜன் அயனிகளை விடுவிக்கின்றன. அவற்றை வெளியேற்ற ஏ.டி.பி. ஆற்றல் செலவாகிறது. லாக்டிக் அமிலத்தை மட்டுமே உண்டாக்கும் வகைகளுக்கு ஒரு குளுக்கோஸ் மூலக்கூற்றிலிருந்து கிடைப்பதோ 2 ஏ.டி.பி.தான்! வரவைச் செலவு விழுங்கிவிடுகிறது. சர்க்கரையைச் சிதைக்கும் நொதிகளும் தளர்கின்றன. சர்க்கரை மிச்சமிருந்தும் நொதித்தல் நின்றுபோகிறது. சுண்ணத்தூள் அமிலத்தை நடுநிலையாக்குவதால் வேலை தொடர்கிறது. தயிரில் ஓரளவு பால் சர்க்கரை எஞ்சியிருப்பதற்கும் இந்த அமிலத் தடை ஒரு காரணம். இந்த உள்விளக்கம் பின்னாளில் வந்தது. அமிலத்தை அளக்கும் பி.எச். அளவுகோலையே சோரன்சன் 1909இல்தான் வகுத்தார். அந்த அளவுகோல் இல்லாமலே பாஸ்டர் அமிலத்தின் ஆட்சியை உணர்ந்திருந்தார்.

அவர் வாழ்க்கை இனிப்பாக அமையவில்லை. 1859க்கும் 1866க்கும் இடையில் மூன்று மகள்களை இழந்தார். அவர்களில் இருவரைப் பறித்தது டைபாய்டு. 1868இல் பக்கவாதம் அவரது இடப்பக்கத்தைத் தாக்கியது. ஆயினும் ஆய்வைக் கைவிடவில்லை. 1885இல் வெறிநாய் கடித்த ஒரு சிறுவனுக்குத் தடுப்பூசி போட்டு உலகப்புகழ் பெற்றார். 1895 செப்டம்பர் 28ஆம் நாள் மறைந்தார்.

நண்பர்களே, ஓர் ஆலைக்காரரின் நட்டக் கணக்கை அற்பமென்று பாஸ்டர் ஒதுக்கியிருந்தால், நுண்ணுயிரியலின் வரலாறு வேறாகியிருக்கும். நம் பட்டப்படிப்பு ஆய்வுக்குத் தலைப்புத் தேடும்போது, பாடநூலோடு பக்கத்துத் தொழிற்சாலையையும் ஒருமுறை எட்டிப் பார்ப்போமே!