பிளேக் தடுப்பூசி கண்ட ஹாஃப்கின்: ஒரு குப்பியால் வந்த பழி

மும்பை: மும்பை பரேல் பகுதியில், ஒரு காலத்தில் பம்பாய் ஆளுநரின் மாளிகையாக விளங்கிய கட்டடத்தில் இயங்கி வருகிறது ஹாஃப்கின் நிறுவனம். அப்பெயருக்கு உரியவரான வால்டெமார் ஹாஃப்கின் இந்தியர் அல்லர்; மருத்துவரும் அல்லர். விலங்கியல் பயின்ற அவர், லட்சக்கணக்கான இந்தியர்களைக் கொள்ளைநோயிலிருந்து காக்க முனைந்து, அதே பணியால் பழியும் சுமந்தார்.

அன்றைய ரஷ்யப் பேரரசின் ஒடெசா நகரில் 1860-ஆம் ஆண்டு யூதக் குடும்பத்தில் பிறந்த ஹாஃப்கின், இலியா மெச்னிகோவின் மாணவர். உடலின் வெள்ளை அணுக்கள் கிருமிகளை விழுங்கி அழிப்பதைக் கண்டறிந்து, பின்னர் நோபல் பரிசு பெற்றவர் மெச்னிகோவ். ஆசிரியரைத் தொடர்ந்து பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்திற்குச் சென்ற ஹாஃப்கினுக்கு முதலில் கிடைத்தது நூலகர் பணியே. அங்கு காலரா தடுப்பூசியை உருவாக்கிய அவர், 1892 ஜூலை 18 அன்று அதைத் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். மறு ஆண்டு இந்தியா வந்து, கல்கத்தாவின் குடிசைப் பகுதிகளிலும் அசாம் தேயிலைத் தோட்டங்களிலும் அதனைச் செலுத்தினார்.

1896-இல் பம்பாயைப் பிளேக் தாக்கியது. எலிகளிடமிருந்து தெள்ளுப்பூச்சிக் கடி வழியாக மனித உடலில் நுழையும் இந்நோய்க் கிருமி, தொடை இடுக்கிலும் அக்குளிலும் உள்ள நிணநீர்க் கணுக்களில் பெருகி, அவற்றை வீங்கச் செய்யும். ரத்தத்தில் பரவினால் சில நாள்களில் உயிரைப் பறிக்கும்.

கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஒதுக்கப்பட்ட சிறு இடத்தில் ஹாஃப்கின் பணியைத் தொடங்கினார். இறைச்சிச் சாற்றின் மேல் நெய்த் துளிகளை மிதக்கவிட்டு, அவற்றின் அடியில் விழுதுகள்போல் கிருமிகளை வளர்த்தார். பின்னர் அவற்றைச் சூடாக்கிக் கொன்றார். இறந்த கிருமி உடலில் பெருகாது. ஆயினும் நோய் எதிர்ப்பு மண்டலம் அதனை அந்நியப் பொருளாக அடையாளம் கண்டு எதிர்ப்பொருள்களை உருவாக்குகிறது. பின்னாளில் உயிருள்ள கிருமி நுழையும்போது, உடல் முன்கூட்டியே ஆயத்தமாக இருக்கிறது. தடுப்பூசி போட்டபின் வரும் காய்ச்சலும் வீக்கமும் அந்த ஆயத்தத்தின் வெளிப்பாடுகளே.

1897 ஜனவரி 10 அன்று, பிறருக்குப் பின்னர் வழங்கப்பட்டதைவிடப் பன்மடங்கு அதிக அளவைத் தமக்கே செலுத்திக்கொண்டார். அடுத்து பைகுல்லா சிறையில், முன்வந்த கைதிகளுக்கு அது போடப்பட்டது. கைதிகளிடம் இவ்வாறு சோதிப்பது இன்றைய நெறிமுறைகளுக்கு உகந்ததன்று. தடுப்பூசி முழுப் பாதுகாப்பு அளிக்கவில்லை. எனினும் நோயையும் இறப்பையும் வெகுவாகக் குறைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் அது லட்சக்கணக்கானோருக்குச் செலுத்தப்பட்டது.

1902 அக்டோபர் 30 அன்று, இன்று பாகிஸ்தானில் உள்ள பஞ்சாப் கிராமமான முல்கோவாலில் 107 பேருக்கு ஊசி போடப்பட்டது. அவர்களில் 19 பேர் டெட்டனஸ் எனப்படும் ரண ஜன்னியால் இறந்தனர். பிளேக் கிருமிக்கும் இந்நோய்க்கும் தொடர்பில்லை. மண்ணில் உறைநிலையில் கிடக்கும் வேறொரு கிருமி, காற்றுப் புகாத இடத்தில் விழித்தெழுந்து வெளியிடும் நஞ்சே நரம்புகளைத் தாக்கித் தசைகளை விறைக்கச் செய்கிறது. இறந்த 19 பேருக்கும் ஊசி மருந்து ஒரே குப்பியிலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. மற்ற குப்பிகளிலிருந்து ஊசி பெற்றவர்களுக்குத் தீங்கு நேரவில்லை.

ஆயினும் அரசு விசாரணைக் குழு ஆய்வகத்தையே குற்றம் சாட்டியது. கார்பாலிக் அமிலம் சேர்ப்பதைக் கைவிட்டு வெப்பத்தை மட்டும் நம்பியதே தவறு எனக் கூறப்பட்டது. ஹாஃப்கின் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டு 1904-இல் நாட்டை விட்டு வெளியேறினார். குப்பியைத் திறந்த உதவியாளரின் கையிலிருந்து இடுக்கி தரையில் விழுந்ததும், அதை முறையாகத் தீயில் காட்டாமல் மீண்டும் பயன்படுத்தியதும் விசாரணைப் பதிவுகளிலேயே இருந்தன. மலேரியா ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற ரொனால்ட் ராஸ் உள்ளிட்ட அறிஞர்கள் 1907-இல் லண்டன் நாளிதழில் அவருக்காகக் குரல் எழுப்பிய பின்னரே பழி நீங்கியது.

அவர் மீண்டும் இந்தியா வந்தார். ஆனால், தாம் தோற்றுவித்த பம்பாய் ஆய்வகத்தின் பொறுப்பு அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. கல்கத்தாவில் சில ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றார். 1925-இல் பம்பாய் ஆய்வகத்திற்கு அவரது பெயர் சூட்டப்பட்டது. ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 1930 அக்டோபர் 26 அன்று சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் அவர் காலமானார்.